கரீம் பாய் சாவி குடுத்த பட்டாளத்து வாட்ச்

கரீம் பாய் போயிட்டாருங்க.

திங்கக்கெழம சாயந்திரமே போயிட்டாராம்... எனக்குத் தெரிஞ்சது நேத்து வியாழக்கெழமதான். கம்பெனியில ஷிப்மென்ட் அவசரத்துல ஒருத்தரும் சொல்லல. நானும் விசாரிக்கல.

அனுப்பர்பாளையத்துல பாத்திரக் கடைகளுக்கு நடுவுல, ஒரே ஒரு ஆள் உக்கார்ற அளவுக்கு ஒரு வாட்ச் ரிப்பேர் கடை. கண்ணுல கறுப்பு லென்ஸை மாட்டிட்டே நிமிந்து பாப்பாரே... அவர்தான்.

எனக்கு அவர் பழக்கமானது என் புத்திசாலித்தனத்தாலங்க.

என் மாமனார் பட்டாளத்துல இருந்தவர். அங்க அவருக்குக் குடுத்த கை வாட்ச், தெனமும் சாவி குடுக்கற டைப். பின் மூடியில ஒரு அம்புக்குறியும் நம்பரும் இருக்கும். மூணு வருஷம் முன்னாடி, மெதுவா ஓடுதுன்னார். குடுங்க மாமா, நான் பாக்கறேன்னு வாங்கிட்டுக் கம்பெனிக்குப் போயிட்டேன்.

நான் பனியன் கம்பெனியில மெஷின் மெக்கானிக். ஓவர்லாக் தையல் மெஷினையே பிரிச்சு மாட்டறவனுக்கு வாட்ச் எம்மாத்திரம்... பத்தாவதுல ரெண்டு தடவ கோட்டை விட்ட மூளை அப்படித்தானே யோசிக்கும்.

ரெண்டு சொட்டு மெஷின் ஆயில் விட்டேன். அப்புறம் கண்ணாடியைக் கழட்டி, மெஷின்ல பஞ்சு ஊதற ஏர் கன்னை வெச்சு ஒரே ஊது.

செகண்ட் முள்ளு பறந்துருச்சு.

கட்டிங் வேஸ்ட் துணி மூட்டை மூணையும் கொட்டித் தேடினேன். எப்பவோ தொலைச்ச என் சீப்பு கெடைச்சுது. முள்ளு கெடைக்கல.

பாய் வாட்ச்சை வாங்கினார், மூடியத் தெறந்தார், மோந்து பாத்தார்.

"ஓவர்லாக் ஆயிலுங்களா?"

ஆமாங்கன்னேன்.

"தையல் நல்லா விழுந்துச்சுங்களா?"

ஓட வெக்கறது என் பொறுப்பு, ஆனா அந்த முள்ளு புதுசா எங்கயும் வராது, அதே மாதிரி பட்டாளத்து வாட்ச் இன்னொன்னைப் பிரிச்சாத்தான் உண்டுன்னார். வேற முள்ளு போட்டறலாமேன்னு கேட்டேன். முனையில பச்சைப் புள்ளி இல்லைன்னதுமே மிலிட்டரிக்காரர் கண்டுபுடிச்சுருவாருங்கன்னார்.

எனக்கும் அதான் பயம். மாமனாருக்கு நான் உண்மையச் சொல்லல... சர்வீசுக்குக் குடுத்திருக்குன்னு ஒரு பொய். அவர் இருக்கறப்பவே அத முழுசா அவர் கையில கட்டி விட்டறணும். அது ஒன்னுதான் என் வேண்டுதல்.

ரெண்டு மாசத்துல பாய் ஓட வெச்சுட்டார், முள்ளு மட்டும் இல்லாம. நிக்க விட்டா ஆயில் எறுகிரும்னு, தெனமும் ஒம்போது மணிக்குக் கடை தெறந்ததும் மொத வேலையா அதுக்குச் சாவி குடுப்பார்.

அப்பத்தான் வேலம்பாளையத்துல எங்க ஊட்ல ஒன்னு ஆரம்பிச்சுது.

மாமனாருக்கு ஞாபகம் கொறைய ஆரம்பிச்ச நேரம். வெறுங்கையைத் திருப்பிப் பாத்து மணி சொல்லுவார். அவர் ரூம்ல கடிகாரமே கெடையாது. ஆனா எப்பக் கேட்டாலும் செல்லு மணிய விட நாலே நாலு நிமிசம் முன்னாடி... அவ்வளவுதான் வித்தியாசம்.

பாய்கிட்ட இதத் தமாஷாத்தான் சொன்னேன். அவர் அடுத்த வெள்ளிக்கெழம தொழுகை முடிச்சு ஊட்டுக்கே வந்துட்டார். மாமனார் எதுக்க உக்காந்து, அவர் மணி சொல்லச் சொல்லச் செல்லையே பாத்துட்டு இருந்தார். டீ ஆறிப் போச்சு, தொடல.

கெளம்பறப்ப வண்டிகிட்ட நின்னு சொன்னார். "நம்ம கடையில அந்த வாட்ச்சும் இப்ப நாலு நிமிசம் முன்னாடிதானுங்க இருக்குது."

நான் சிரிச்சேன். அவர் சிரிக்கல.

மறுநாள், டைம் சரி பண்ணிட்டேன்னு போன் பண்ணினார். அன்னைலேருந்து மாமனார் சொல்ற மணியும் செல்லு மணியும் ஒன்னு. அதுக்கப்புறம் நாங்க ரெண்டு பேரும் அதப் பத்திப் பேசிக்கிட்டதே இல்ல.

போன ஞாயித்துக்கெழம போன் வந்துச்சு.

"முள்ளு கெடைச்சிருச்சுங்க. காங்கேயத்துல ஒரு மிலிட்டரிக்காரர் தவறிட்டார். அவுங்க ஊட்ல அவர் வாட்ச்சைக் குடுத்தாங்க. புதன்கெழம வாங்க."

புதன்கெழம என்னால போக முடியல.

ஆனா புதன் காலைலேருந்து மாமனார் கையப் பாத்துச் சொன்னது ஒரே மணிதான். பத்து இருவது. சாப்பிடறப்பவும் பத்து இருவது, படுக்கறப்பவும் பத்து இருவது. பயந்து போய் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனோம். பிரஷர், சுகர் எல்லாம் நார்மல். டாக்டர்கிட்டயும் பத்து இருவதுன்னார்.

நேத்து மத்தியானம் கடைக்குப் போனேன். ஷட்டர் பாதி தெறந்திருந்துச்சு. உள்ள பாயோட மகன் சாமானெல்லாம் எடுத்து வெச்சுட்டு இருந்தார். அவர் சொல்லித்தான்... கடைய மூடிட்டு ஊட்டுக்குப் போனவருக்கு ஹார்ட்டாம்.

என் பேர் எழுதின டப்பாவைத் தேடிக் குடுத்தார்.

முள்ளு மாட்டியிருந்துச்சு. பச்சைப் புள்ளியோட. திங்கக்கெழம காலைல பாய் குடுத்த சாவி எப்ப தீந்துச்சோ... வாட்ச் நின்னிருந்துச்சு.

பத்து இருவது.

அங்கயே நின்னு சாவி குடுத்தேன். ஓட ஆரம்பிச்சுது. டைம் திருப்பி வெக்கத்தான் கை வரல. ஊட்டுக்குப் போன் பண்ணி, மாமா என்ன பண்றாருன்னு கேட்டேன்.

"இப்பத்தானுங்க கையப் பாத்தாரு. பத்து இருவத்தி நாலுங்கறாரு. தேவலையாட்ட இருக்குதுங்க"ன்னா என் சம்சாரம்.

கையில இருந்த வாட்ச்சைப் பாத்தேன். பத்து இருவத்தி நாலு.

நெஜ மணி மூணே கால்.

டைம் சரி பண்ணி, சாயந்திரம் மாமனார் கையில குடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தார்.

"இந்த முள்ளு நம்முளுது இல்லீங்களே மாப்ள."

எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஆயில், ஏர் கன், சீப்பு உட்பட. காங்கேயத்துக்காரர் முள்ளுன்னும் சொன்னேன். ரொம்ப நேரம் அந்த முள்ளு சுத்தறதையே பாத்துட்டு இருந்தார். கட்டிக்கல. என் கையிலயே திருப்பி வெச்சுட்டார்.

"நீங்களே வெச்சுக்கங்க. சாவி மட்டும் மறந்தறாதீங்க."

இன்னைக்குக் காலைல ஒம்போது மணிக்குக் குடுத்தேன். செல்லுல அலாரம் வெச்சிருக்கேன். அப்பன நம்ப முடியாதுன்னு என் பொண்ணும் அவ செல்லுல ஒன்னு வெச்சிருக்கா.

போயிட்டு வாங்க பாய்... சாவி நான் குடுத்துக்கறேன்.