டெலிபோன் இல்லாத ரோடு

இந்த நாட்டில் ஊர் சுற்றுவதற்கென்றே ஓர் அலுவலகம் இருக்கிறது. சான்டா கிளாராவில் எங்கள் அபார்ட்மெண்டிலிருந்து காரில் பத்து நிமிடம். கார் வைத்திருப்பவர்கள் சேர்ந்துகொள்ளும் ஆட்டோ கிளப் அது. வரிசையில் நின்று நம் முறை வந்ததும் போகிற இடத்தைச் சொன்னால், கவுண்டரில் இருக்கும் அம்மாள் ஒரு மேப்பை விரித்து, நாம் போக வேண்டிய ரோட்டின் மேல் ஆரஞ்சு நிறத்தில் கோடு இழுத்துக் கொடுத்துவிடுவாள். எங்கே பெட்ரோல், எங்கே கழிப்பறை, எந்த வளைவில் காரை நிறுத்திப் போட்டோ எடுக்க வேண்டும் என்பதுவரை சொல்லுவாள். வந்த புதிதில் எனக்கு இது பெரிய வேடிக்கையாக இருந்தது. பாளையங்கோட்டையிலிருந்து குற்றாலம் போக நாங்கள் யாரிடமும் மேப் கேட்டதில்லை. சித்தப்பா ஒரு வேன் பிடித்துவருவார், ஏற முடிந்தவர்கள் எல்லாரும் ஏறுவோம், வழியை டிரைவர் பார்த்துக்கொள்வார். சந்தோஷத்தையும் ஒரு உத்தியோகம்போல ஃபைல் போட்டுச் செய்கிறார்களே என்று சிரித்தவன், எண்பதுகளின் நடுவில் ஒரு வசந்த காலத்தில் அதே வரிசையில் போய் நின்றேன். சயான், பிரைஸ் கேன்யன், கேபிடல் ரீஃப், ஆர்ச்சஸ் என்று யூட்டா பாலைவனத்தில் இருக்கும் நாலு நேஷனல் பார்க்குகளை ஒரே டிரிப்பில் பார்த்துவருவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. என் மனைவி ஸ்டெல்லாவும் எட்டு வயது மகள் அனிதாவும் சேர்ந்து எடுத்த முடிவு அது. எனக்குத் தகவல் மட்டும்தான் வந்தது.

கவுண்டர் அம்மாள் உற்சாகமாகக் கோடு இழுத்துக்கொண்டே வந்தாள். நான் குறுக்கிட்டு, ராத்திரி தங்கும் ஒவ்வொரு ஊரிலும் அறைக்குள் டெலிபோன் இருக்கும் மோட்டலாகச் சொல்லுங்கள் என்றேன். அவள் மார்க்கரைக் கீழே வைத்தாள். "நீங்கள் டாக்டரா?" என்றாள். இல்லை, இன்ஜினியர் என்றேன். "நீங்கள் இல்லாமல் ஆபீஸ் ஓடாதோ?" நன்றாகவே ஓடும் என்றேன். "அப்படியானால் டெலிபோன் எதற்கு?" இந்தியாவில் என் அப்பா இருக்கிறார் என்றேன். அவள் முகம் சட்டென்று இளகியது. "உடம்பு ரொம்ப மோசமா?" இல்லை, நன்றாக இருக்கிறார், தினமும் காலையில் ஐகிரவுண்ட் மைதானத்தைச் சுற்றி நடக்கிறார் என்று சொன்னேன். அந்தப் பாலைவனத்துக்குப் போகிறவர்கள் எல்லாரும் டெலிபோனிடமிருந்து தப்பிக்கத்தான் போகிறார்கள் என்று சொல்லிப் பெருமூச்சு விட்டுவிட்டு, மோட்டல்கள் இருக்கும் புத்தகத்தை எடுத்து என்னிடம் தள்ளினாள். நன்றாக இருக்கிற அப்பாவுக்காக எதற்கு டெலிபோன் என்பதை அவளுக்கு எந்த இங்கிலீஷில் சொல்வது? அம்மாவும் நன்றாகத்தான் இருந்தாள்.

அம்மா போய் அப்போது நாலு வருஷம் ஆகியிருந்தது. அனிதாவுக்குப் பனியைக் காட்டுவதற்காக ஒரு வெள்ளிக்கிழமை மலைமேல் இருக்கும் ஏரிக்குப் போயிருந்தோம். ஞாயிறு மாலை திரும்பி வந்து கதவைத் திறக்கும்போது, பக்கத்து அபார்ட்மெண்டில் தனியாக இருக்கும் அமெரிக்கப் பாட்டியம்மா எட்டிப் பார்த்து, "உன் டெலிபோன் நேற்று சாயங்காலத்திலிருந்து ராத்திரி முழுக்க அடித்தது, சுவர் வழியாகக் கேட்டுக் கேட்டு நானே போய் எடுத்துவிடலாமா என்று இருந்தது" என்றார். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் போன் கிடையாது. தெருமுனையில் இருந்த மருந்துக்கடை அண்ணாச்சியின் போன்தான் எங்களுக்கும் அந்தத் தெருவுக்கும் பொது. நான் கூப்பிட்டபோது அண்ணாச்சிதான் எடுத்தார். "எல்லாம் முடிஞ்சிட்டு தம்பி. நேத்து சாயங்காலமே கல்லறைக்குக் கொண்டு போயாச்சு" என்றார். என் தங்கை கிரேஸ் காலையிலிருந்து அந்தக் கடையில் நின்று டிரங்க் கால் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். எடுத்திருந்தால் மட்டும் ஒரே நாளில் போய்ச் சேர்ந்திருப்பாயா என்று ஸ்டெல்லா பலமுறை கேட்டிருக்கிறாள். சேர்ந்திருக்க மாட்டேன்தான். ஆனால் ஆள் இல்லாத அறையில் அது அடித்துக்கொண்டே இருந்தது என்பதை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. அதன் பிறகு ஒரு ராத்திரிகூட நான் டெலிபோனுக்கு எட்டாத இடத்தில் தங்கியதில்லை. நாலு கோடைகாலம் என் பயத்துக்காக வீட்டிலேயே கிடந்த ஸ்டெல்லாவும் இந்த வருஷம் பொறுமை இழந்துவிட்டாள்.

ஆகவே நான் என் வழியில் பிளான் போட்டேன். மோட்டல் புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, அறையில் போன் உண்டா, வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டால் அறைக்குக் கொடுப்பீர்களா, ஆபீஸில் ஆள் இருப்பாரா என்று விசாரித்தேன். என் பெயரின் எழுத்துக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னேன். கிரேஸின் உச்சரிப்பில் அந்தப் பெயர் எப்படிக் கேட்கும் என்றும் சொல்லிக் காட்டினேன். சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த ஸ்டெல்லா சென்னைக்காரி, மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். "என்னங்க, நீங்க டிரிப் பிளான் பண்றீங்களா, இல்ல டெலிபோன் டைரக்டரி எழுதறீங்களா?" என்றாள். நான் அடுத்த மோட்டலின் நம்பரைச் சுழற்றினேன். பிரைஸிலிருந்து கேபிடல் ரீஃபுக்கு மலைமேல் நேராக ஒரு ரோடு போனது. மேப்பில் அதன் ஒரு பகுதியை மட்டும் மெல்லிய இரட்டைக் கோடாகப் போட்டிருந்தார்கள். தார் போடாத சரளை ரோடு என்று அர்த்தம். இருப்பதிலேயே அழகான ரோடு அதுதான் என்று கவுண்டர் அம்மாள் சொல்லியிருந்தாள். வழியில் மரத்தடியில் கூடாரம் போட்டுத்தான் தங்க வேண்டும். அதை விட்டுவிட்டு, வடக்கே ஏறி இறங்கும் தார் ரோட்டில் நூறு மைல்போலச் சுற்றிப் போவதாக மாற்றி எழுதினேன். அந்த வழியில் ஒரு சின்ன ஊரும், அதில் ஒரு மோட்டலும், அதற்கு ஒரு போனும் இருந்தன. "டாட், இது போரிங் ரோட். பார்க்கவே ஒண்ணும் இல்லை" என்று அனிதா இங்கிலீஷில் சொன்னது எனக்கு நன்றாகவே காதில் விழுந்தது.

தேதி, ஊர், டெலிபோன் நம்பர் எல்லாம் எழுதி, வழியைக் குறித்த மேப்பை ஜெராக்ஸ் எடுத்துச் சேர்த்து, கிரேஸ் பெயருக்குத் தபாலில் அனுப்பினேன். அப்பாவிடம் காட்டாதே என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தேன். இங்கேதான் என் புத்தி மழுங்கிப்போயிற்று. அமெரிக்கத் தபால்தலை ஒட்டி வரும் கடிதம் யார் பெயருக்கு வந்தாலும் அதைப் பிரிக்கும் உரிமை அப்பாவுடையது என்பதை எப்படி மறந்தேன்? ஊரில் வருஷக்கணக்காக இல்லாதவனுக்கு வீட்டுச் சட்டங்கள் மறந்துபோகின்றன. அதோடு நான் அனுப்பியதோ மேப். என் அப்பா முப்பத்து மூன்று வருஷம் நெடுஞ்சாலைத் துறையில் ஓவர்சியராக இருந்தவர்.

சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டில் அவர் ரோடு போட்ட காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தேரி என்றால் கண்ணுக்கு எட்டியவரை சிவப்பு மணல், நடுவே நடுவே பனை, உடைமரம். பள்ளி லீவில் நான் அவருடைய கேம்ப் ஷெட்டில் போய்த் தங்குவேன். ஆனி, ஆடிக் காற்றில் முந்தின நாள் போட்ட ரோடு காலையில் பார்த்தால் இருக்காது. மணல் மூடிக் கிடக்கும். வேலையாட்கள் பனை ஓலையால் கூட்டித் தள்ள, அப்பா தலைத்துணியைக் கட்டிக்கொண்டு அந்தக் காற்றை இங்கிலீஷில் திட்டுவார். ஆபீசர்கள்மேல் காட்ட முடியாத இங்கிலீஷ் எல்லாம் காற்றுக்குப் போகும். மத்தியானம் ரோடு மறுபடியும் வெளியே வரும்போது, என்னை அதன்மேல் செருப்பில்லாமல் நடக்கச் சொல்லி, எங்கே குத்துகிறது என்று கேட்பார். சரளை சரியாக அமர்ந்திருக்கிறதா என்று பார்க்க அரசாங்கம் கொடுக்காத கருவி என் பாதம். அந்த நாட்களில் அவரிடம் எனக்கு இருந்த பாசத்தை நான் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. கிரேஸ் எழுதவில்லை, அப்பாவின் கையெழுத்து. ஜெராக்ஸ் மேப்பையே திருப்பி அனுப்பியிருந்தார், அதில் சிவப்பு மையால் திருத்தங்கள். கான்டிராக்டர் கொடுத்த எஸ்டிமேட்டைத் திருத்துகிற அதே கை. "கர்த்தருக்குள் அன்பான மகனுக்கு" என்று ஆரம்பித்திருந்தார். "மேப் பார்த்தேன். நேர்வழி இருக்கும்போது ஏன் இவ்வளவு தூரம் சுற்றுகிறாய் என்று முதலில் புரியவில்லை. பிறகு ஒவ்வொரு ஊருக்கும் பக்கத்தில் நீ எழுதியிருக்கும் டெலிபோன் நம்பரைப் பார்த்தேன். உன் தங்கையைக் கேட்டதற்கு அழுகிறாள். நான் உயிரோடு இருக்கும்போதே என் சாவுக்கு நீ ரோடு போட வேண்டாம். எனக்குக் கோபம்தான். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சரளை ரோட்டில் போ. மண் என்ன நிறம், மலையில் தண்ணீர் எந்தப் பக்கம் வடிய விட்டிருக்கிறார்கள், வளைவில் எவ்வளவு சரிவு கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்து எழுது. டெலிபோனில் சொன்னாலும் சரி."

எனக்கும் கோபம் வந்தது. எழுதுவது அவருக்குச் சுலபம். பூட்டிய வீட்டில் அடித்தது அவருடைய போன் அல்லவே. கடிதத்தை ஸ்டெல்லாவிடம் நீட்டினேன். அவள் இரண்டு தடவை படித்தாள். "மாமா சொன்ன ரோட்லயே போலாங்க" என்று மட்டும் சொன்னாள். சுற்றுவழி மோட்டலை கேன்சல் பண்ணிவிட்டதாக அவளிடம் சொன்னேன். பண்ணவில்லை. நம்பர் எழுதிய சீட்டு என் சட்டைப் பையிலேயே இருந்தது. கூடாரமும் கார் டிக்கியில் ஏறியது.

ஜூன் கடைசியில் கிளம்பினோம். சயானைப் பார்த்து, பிரைஸைப் பார்த்து, அடுத்த நாள் காலை பார்க்கை விட்டு வெளியே வந்தால் ஒரு முச்சந்தி. இடது கைப் பக்கம் திரும்பினால் தார் ரோடு, மோட்டல், டெலிபோன். வலது கைப் பக்கம் அந்த மலை ரோடு. நான் இடது இண்டிகேட்டரைப் போட்டேன். கை தானாகப் போட்டது என்று சொன்னால் பொய், நான்தான் போட்டேன். பின்னால் வண்டி எதுவும் இல்லை. அது டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. ஸ்டெல்லா என் சட்டைப் பையைப் பார்த்தாள். அவளுக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. "கேன்சல் பண்ணலையா?" என்றாள். இல்லை என்றேன். அவள் சண்டை போடுவாள் என்று பார்த்தேன். "எனக்கும்தான் பயமா இருக்கு. எங்கப்பாவும் அங்கதான இருக்காரு" என்றாள். அவளுக்கும் ஓர் அப்பா உண்டு, அவருடைய போனுக்கும் அவள் காத்துக்கொண்டுதான் இருக்கிறாள் என்பது இத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றியதே இல்லை. வெட்கமாக இருந்தது. இண்டிகேட்டரை மாற்றிப் போட்டு வலது கைப் பக்கம் திரும்பினேன்.

அந்த ரோட்டைப் பற்றி என்ன எழுத? வெள்ளைப் பாறைகளின் முதுகில் ஏறி, இரண்டு பக்கமும் பள்ளம் விழ, நடுவில் ஒரு கார் அகலமே இருந்த ரோட்டில் பயந்து பயந்து போனோம். பிறகு மலை ஏற்றத்தில் தார் முடிந்து சரளை தொடங்கியது. ஓரிடத்தில் நிறுத்தி இறங்கினேன். கீழே பாலைவனம் முழுவதும் சிவப்பாகக் கிடந்தது. எனக்குத் தேரிதான் நினைவுக்கு வந்தது, பனை மட்டும் இல்லை. ஷூவைக் கழற்றிவிட்டுச் சரளைமேல் நாலு எட்டு நடந்து பார்த்தேன். ஸ்டெல்லா சிரித்தாள், அனிதா "டாட், வாட் ஆர் யூ டூயிங்?" என்று கத்திக்கொண்டே அவளும் ஷூவைக் கழற்றினாள். தண்ணீரை மலைப் பக்கத்து ஓடையில் வடிய விட்டிருந்தார்கள். அன்று மலைமேல் கூடாரத்தில் தங்கினோம். மறுநாள் கேபிடல் ரீஃபில், செம்பாறைகளுக்கு நடுவே எப்போதோ யாரோ வைத்துவிட்டுப் போன பழத்தோட்டத்தில் தங்கினோம். அனிதா மரத்திலிருந்து ஆப்ரிகாட் பறித்துப் பறித்துத் தின்றாள். அன்று மத்தியானம்தான், விடிந்ததிலிருந்து அப்பாவை நினைக்கவே இல்லை என்று நினைவு வந்தது. துக்கமாக இருந்தது. கூடவே, சொல்லக் கூசினாலும் சொல்கிறேன், சந்தோஷமாகவும் இருந்தது.

மூன்றாம் நாள் காலை சீக்கிரமே கிளம்பி, முதலில் வந்த சின்ன ஊரில், பெட்ரோல் பங்க் ஓரமாக இருந்த டெலிபோன் கூண்டுக்குள் நுழைந்தேன். இங்கே காலை எட்டு என்றால் அங்கே இரவு ஏழரை, மருந்துக்கடை திறந்திருக்கும் நேரம். ஆபரேட்டர் மூலம் லைன் கிடைத்தது. வழக்கமாக அண்ணாச்சி பத்து நிமிஷம் கழித்துக் கூப்பிடுங்கள் என்று வைத்துவிடுவார். அன்று, "தம்பியா? வைக்காதீங்க, இருங்க, கூட்டிட்டு வாரேன்" என்று ரிசீவரை மேஜைமேல் போட்டுவிட்டுப் போய்விட்டார். யாரை? அதைச் சொல்லவில்லை. காதில் பாளையங்கோட்டை கேட்டது. பஸ் ஹாரன். சைக்கிள் மணி. இருமல் மருந்து இருக்கா என்று ஒரு பெண் குரல். கண்ணுக்கு முன்னால் செம்மண் பொட்டலும் ஒரு லாரியும். கிரேஸ் குரல் முதலில் வந்தால் விஷயம் வேறு என்று எனக்கு நானே முடிவு பண்ணிக்கொண்டேன்.

கிரேஸ் குரல்தான் முதலில் வந்தது. "அண்ணே" என்று மூச்சு வாங்கினாள். நான் கூண்டின் சுவரைப் பிடித்துக்கொண்டேன். "நான் ஓடி வந்துட்டேன். அப்பா பின்னாலயே வாராவ. ரெண்டு நாளா உங்க போனுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காவ" என்றாள்.

அப்பா வந்துகொண்டிருக்கிறார். கேட்டைச் சாத்தியிருப்பார். இப்போது சர்ச் மதில். இப்போது சைக்கிள் கடை, அங்கே ஒருவருக்குத் தலையசைப்பார். தெருவிளக்குக்கு அடியில் இருக்கும் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு, முனிசிபாலிட்டியைத் திட்டிக்கொண்டு வருவார். அவருடைய ஒவ்வொரு எட்டையும் நான் இங்கே நின்று நடந்துகொண்டிருந்தேன். ஸ்டெல்லா காருக்குள்ளிருந்து என்ன என்று கையால் கேட்டாள். ரிசீவரில் செருப்புச் சத்தம் கேட்டது, நாற்காலி இழுபட்டது, தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"ஏலே," என்றார் அப்பா, "இப்ப எங்க நிக்கே?"

"நம்ம தேரி மாதிரி ஒரு இடத்துலப்பா, பனை மட்டும் இல்ல" என்றேன்.