மலையில் ஒரு விரிசல்

நான் பாடம் நடத்தும் எட்டாம் வகுப்பு மாணவர்கள் இணையத்தில் தேடி விடை காண, மண்சரிவு பற்றிய திட்டம் ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தேன். திரையில் வந்த படமொன்றில் மலைச்சரிவு நீளமாக வெடித்திருந்தது.

என் சிறுவயதில், இலங்கையின் கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், விடாமழை நாளொன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னால் அப்படியொரு விரிசலை அம்மா பார்த்தார். ஈரவிறகுப் புகை அடைத்திருந்த வீட்டிலிருந்து, தோட்ட வேலையை மேற்பார்க்கும் கங்காணியிடம் ஓடினார்.

"மண்ணு பொளந்திருக்குங்க. ஆளுங்கள எறக்கிடுங்க."

"மழைன்னா பொளக்கத்தான் செய்யும். வேலையப் பாரு."

அம்மா எங்களைச் சரிவுக்கு எட்டாத தூரத்திலிருந்த கோயிலுக்குக் கூட்டிப் போனார். வழியில் என் தோழி செல்வியின் வீட்டாரையும் கூப்பிட்டார்.

"கங்காணியே ஒண்ணுமில்லங்கிறாரு" என்றார் அவள் அப்பா.

மாலையில் மலை சரிந்து லயத்தின் மேல் இறங்கியது. செல்வியின் வீட்டில் ஒருவரும் மிஞ்சவில்லை.

திட்டத்தில் 'மண் ஏன் சரிகிறது?' என்று எழுதியிருந்தேன். அதற்கு மேலே இன்னொரு கேள்வியைச் சேர்த்தேன்: 'மலையில் விரிசலைக் கண்டால், நாம் சொல்வதை யார் கேட்பார்கள்?'