கப்பல் கொக்கி

என் கணவரை ஒரு தேயிலைக் கொழுந்து லொறி கொன்றிருக்க வேண்டியது. கொல்லவில்லை. ஏன் கொல்லவில்லை என்று யோசிக்கத் தொடங்கினால் இன்றைக்கும் என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. எழும்பி எதையாவது துடைப்பேன், மடித்த துணியை மறுபடி மடிப்பேன். இதை எழுத உட்கார்ந்த பிறகும் சமையலறைக்குப் போய், செய்ய ஒன்றுமில்லாமல் திரும்பி வந்திருக்கிறேன்.

அவர் யாழ்ப்பாணத்தவர், பொறியியலாளர். நான் கண்டி டவுனில் கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண், வங்கியில் வேலை. இத்தனை வருஷக் குடித்தனத்துக்குப் பிறகும் அவர் 'ஓம்' என்கிறார், நான் 'ஆமா' என்கிறேன். அதில் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை. சண்டை வந்ததெல்லாம் ஜீப்பால்தான். ஜப்பானில் யாரோ ஓட்டிவிட்டு விற்ற வண்டி. எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மனுஷன் அதன் மேலே இருந்ததைவிட அடியில் படுத்திருந்ததுதான் அதிகம்.

முதலில் அடித்தகடு. கல் அடித்தால் எஞ்சினின் எண்ணெய்த் தொட்டி உடைந்துவிடுமாம், அதனால் முன்பக்கம் கீழே ஓர் இரும்புத் தகடு பூட்ட வேண்டுமாம். அக்குறணையில் ஒரு பார்ட்ஸ் கடையில் வாங்கினார். கடைக்காரர் நல்ல மனிதர், சாமான் கொடுக்கும்போதே சொன்னார்.

"சேர், இதப் பூட்டினா கல்லுக்குப் பயமில்ல. ஆனா உங்கட வண்டில இழுக்கிற கொக்கி இதுக்குப் பின்னால மறஞ்சிரும். ஓட்டையொண்டு வெட்டிக்கோங்க."

"ஓம் ஓம், பிறகு வெட்டுவம்," என்றார் இவர். எங்கள் வீட்டில் 'பிறகு' என்ற சொல்லுக்கு வயதே ஆவதில்லை.

தகடு பூட்டியதிலிருந்து ஒவ்வொரு பள்ளத்திலும் டக் டக் என்று ஒரு சத்தம். எனக்கு அது பல்லைக் கூச வைக்கும். அவருக்கு அது கேட்கவே கேட்காது. வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான் என்று நான் சொன்னால் சிரிப்பார்.

ஒருநாள் என்னையும் தரையில் குனிய வைத்துப் பாடம் நடத்தினார்.

"இஞ்ச வாரும். இந்த மெல்லிய வளையம் தெரியுதே? இது கப்பல்ல வரேக்க வண்டி ஆடாமல் கட்டுறதுக்கு. இதில கயிறு போட்டு இழுத்தால் பிய்ஞ்சு போகும். அங்கால தகட்டுக்குப் பின்னால தடிப்பா ஒண்டு இருக்கு, சேசிஸோட பூட்டினது. இழுக்கிறதெண்டால் அதிலதான்."

"ரெண்டும் கொக்கிதானே?"

"எல்லாரும் ரெண்டையும் கொக்கி எண்டுறதாலதான் பிரச்சினை. அது கப்பல் கொக்கி. இது இழுவைக் கொக்கி."

அவர் சொன்னது சரி. அவர் பெரும்பாலும் சரியாகத்தான் சொல்வார். அதுதான் எனக்கு எரிச்சல்.

ஹேவாஹெட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், என்னோடு வேலை செய்யும் பெண் புது வீடு கட்டிக் குடிபோனாள். சாப்பாட்டுக்கு அழைத்திருந்தாள். இரவெல்லாம் பெய்த மழை பகலில் தூறலாகியிருந்தது. தலாத்துஓயா தாண்டி, பெரிய ரோட்டை விட்டுத் தோட்டத்துப் பாதையில் ஏறியதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. திரும்பிப் போவோமா என்று கேட்டபடியே இருந்தேன். ஒரு திருப்பத்தில் எதிரே கொழுந்து லொறி வந்தது. இவர் மரியாதையாக ஓரம் ஒதுங்கினார். ஓரம் பொதுபொதுவென்று இறங்கி, இடப்பக்கச் சில்லுகள் இரண்டும் மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் போய்விட்டன.

"யானைக்கும் அடி சறுக்கும் சார், கவலப்படாதீங்க," என்று மேட்டில் மழைக்கு ஒதுங்கியிருந்த ஒரு தோட்டத்துக்காரர் இறங்கி வந்தார். லொறி எங்களைக் கடந்துபோய்த் திரும்பி வந்து, எங்களுக்கு முன்னால் பின்புறத்தைக் காட்டி நின்றது. சாரதி சிங்களவர், அந்த வாரம்தான் அந்தத் தோட்டத்து வேலைக்கு வந்தவராம். தடித்த கயிறொன்றை எடுத்து, ஒரு முனையை லொறியில் கட்டி, மறுமுனையை எங்கள் வண்டியின் அடியில் கைக்கு முதலில் பட்ட வளையத்தில் கட்டிவிட்டு, போய்த் தன் ஆசனத்தில் ஏறி, இழுக்கச் சொல்லும்வரை காத்திருந்தார்.

இவர் குனிந்து பார்த்தார். கப்பல் கொக்கி.

"இதில இழுக்கக் கூடாது. கயிறு இப்ப கிடக்கட்டும், தகட்டைக் கழற்றிப்போட்டு மற்றதில மாத்துவம். நீர் ஸ்டியரிங்கைப் பிடியும்."

ஸ்பானரோடு மல்லாக்கப் படுத்தார். கால்கள் ரோட்டில், தலையும் தோளும் வலப்பக்கச் சில்லுக்கு முன்னால். நான் எஞ்சினை ஓடவிட்டு, கியரைப் போடாமல், பிரேக்கை மிதித்தபடி மேலே இருந்தேன். அவருடைய சப்பாத்து மட்டும் எனக்குத் தெரிந்தது. மழை மறுபடி வலுத்தது. வேண்டாம், எழும்பி வாங்க என்று கத்த வேண்டும் போல் இருந்தது. ஆனால் கத்தினால், நான் அவசரப்படுத்துகிறேன் என்பார்.

கீழேயிருந்து ஏதோ சொன்னார். எனக்கு விளங்கவில்லை. சில்லு தன் பக்கம் திரும்பி நிற்கிறது, கை போகவில்லை, கொஞ்சம் திருப்பச் சொல்லுங்கள் என்றாராம். பக்கத்தில் நின்ற தோட்டத்துக்காரருக்கு அது கேட்டது. மழைச் சத்தத்துக்கு மேலே அவர் என்னைப் பார்த்துக் கையைச் சுற்றிக் கத்தினார்.

"அம்மா, ரைட்டுல அடிங்க! அடிங்க, அடிங்க!"

நான் ஸ்டியரிங்கை வலப்பக்கம் அடித்தேன். லொறி உறுமிக்கொண்டு நகர்ந்தது.

கயிறு நிமிர்ந்தது. ஜீப் முன்னால் போனது. பிரேக்கின் மேல் ஏறி நின்றேன் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் சேற்றில் பிரேக் என்ன செய்யும்? சப்பாத்துகள் என் கண்ணிலிருந்து மறைந்தன. அவர் பெயரைச் சொல்லி நான் கூப்பிடுவதில்லை, அன்றைக்குக் கூப்பிட்டேன். டப் என்று ஒரு சத்தம். வண்டி குலுங்கி நின்றது. இரும்புத் துண்டொன்று பறந்துபோய் லொறியின் பின்பலகையில் மோதியது.

இறங்கினேனா விழுந்தேனா தெரியாது. அவர் கிடந்தார். கண் திறந்திருந்தது. சில்லு அவருடைய சட்டைக் கொலரை மிதித்துக்கொண்டு நின்றது. சில்லுக்கும் கழுத்துக்கும் நடுவில் என் விரல்தான் நுழையும். பொத்தான்களைப் பிய்த்தேன். தோட்டத்துக்காரர் காலைப் பிடித்து இழுக்க, சட்டையைச் சில்லுக்கே விட்டுவிட்டு, பெனியனோடு வெளியே வந்தார்.

சாரதி ஓடி வந்தார். முகம் வெளிறி, அழுகிற குரலில் என்னைத்தான் கேட்டார்.

"நோனா, அதின்ன, அதின்ன கிவ்வா நேத?"

'அதின்ன' என்றால் சிங்களத்தில் இழுங்கள். இழுங்கள் என்று சொன்னீர்கள்தானே என்கிறார். ஸ்டியரிங்கை 'அடிங்க, அடிங்க' என்று கத்தியது அவர் காதில் அப்படித்தான் விழுந்திருக்கிறது. தோட்டத்துக்காரர் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். யாரை ஏச? எனக்கு ஏச ஆள் வேண்டியிருந்தது, கிடைக்கவில்லை.

இவர் அதற்குள் எழும்பி, சேறு வழிய வழிய லொறிக்குப் பின்னால் போய், கீழே கிடந்த இரும்பை எடுத்து வந்தார். பிய்ந்த வளையம். முகத்தில், சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு சந்தோஷம்.

"பாத்தீரே? நான் சொன்னன்தானே, இது தாங்காதெண்டு."

எனக்கு வந்த கோபத்துக்கு அவரை அந்தக் கானுக்குள்ளேயே தள்ளியிருப்பேன்.

"தாங்கியிருந்தா?" என்றேன்.

"என்ன?"

"நீங்க அதுக்குள்ள தகட்டக் கழட்டி, அந்த நல்ல கொக்கில கயித்த மாட்டிட்டு அடியிலயே கிடந்திருந்தா? அது தாங்கியிருக்கும்ல?"

அவர் வளையத்தைப் பார்த்தார். பிறகு சில்லைப் பார்த்தார், அதற்கடியில் கிடந்த சட்டையைப் பார்த்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, ரோட்டில் என் கையைக்கூடப் பிடித்து நடக்காத மனுஷன், அந்தச் சேற்றில் உட்கார்ந்து என் இரண்டு கால்களையும் கட்டிப் பிடித்துக்கொண்டார்.