அவள் உட்கார்ந்த கல்

பாண்டிச்சேரி உப்பளத்தில் தையல் கடை வைத்திருக்கும் செந்தமிழ்ச்செல்வி மாதம் ஒரு ஞாயிறு செஞ்சிப் பக்கம் பஸ்ஸில் போய், ஆள் நடமாட்டமில்லாத ஒரு மலையில் ஏறுவாள். உச்சியில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து காற்று வாங்கிவிட்டு இறங்குவாள். "மேல என்ன கோயிலு?" என்று கேட்காத ஆளில்லை. ஆம்பளைகள் கடற்கரையில் நாள் முழுக்கச் சும்மா உட்காரலாம். அவள் மலைமேல் உட்கார மட்டும் சாமி வேண்டும்!

போன மாதம் அந்தக் கல்லுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். ஆடு மேய்க்கும் ஒருவர் அவளைத் தடுத்தார்.

"செருப்பக் கழட்டும்மா. அம்மன் இருக்கா. பாண்டிலேர்ந்து ஒரு பொம்பள மாசம் தவறாம வந்து கும்புட்டுட்டுப் போவுது."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அந்தப் பொம்பள நான்தான்யா! கும்புட வரல, உக்கார வந்தேன்!"

அவர் கைகூப்பினார். "ஆத்தா உன் கனவுல வந்து என்ன சொன்னா தாயி?"