சான்றிதழ் வாங்கிய காயம்

என் தம்பி ஓலான்யாவின் மனக்காயம் முழுசாக ஆறிவிட்டது. நான் சொல்லவில்லை, அவன் வீட்டுச் சுவரில் தொங்கும் மூன்று சான்றிதழ்கள் சொல்கின்றன. எங்கள் கிட்கும் ஊர்ப் பக்கத்தில் இத்தனை முறை குணமான ஆள் வேறு யாரும் கிடையாது. தொழில் சைக்கிள் ரிப்பேர். ஆனால் ஊரில் அவனுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது காயம்தான்.

பன்னிரண்டு வயதில் கலகக்காரர்கள் அவனைக் காட்டுக்குத் தூக்கிப் போனார்கள். பத்தொன்பது வயதில் தப்பி ஓடிவந்தான். அச்சோலி இனத்தாரான எங்கள் வழக்கப்படி வாசலில் ஒரு முட்டையை வைத்து மிதிக்கச் சொன்னோம். மிதித்து உள்ளே வந்தால் வந்தவன் சுத்தம். காட்டில் நடந்தது காட்டோடு போயிற்று என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். அன்று சாப்பிடும்போது அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான்.

"முட்டைய மிதிச்சாச்சுல்ல? இனிமே அந்தப் பேச்ச வீட்டுக்குள்ள எடுக்காத. களி ஆறுது, தின்னு" என்றேன்.

ஏழு வருஷத்தை ஒரு கோழிமுட்டையில் முடித்து வைத்த கெட்டிக்காரி நான்தான்.

அப்புறம் ஜீப்பில் தொண்டு நிறுவனத்துக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் சொன்னது நேர்மாறு. பேசு, பேசு, பேசினால்தான் ஆறும். பேசினால் சோடாவும் பனியனும், முடிவில் ஒரு சான்றிதழும் உண்டு. தம்பி பேசினான். முதல் கூட்டத்தில் திக்கினான், மூன்றாவது கூட்டத்தில் தேறினான், பத்தாவதில் மற்றவர்களுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தான். பிறந்தது முதல் நடந்ததையெல்லாம் ஓடுகிற ஆறு மாதிரி, கலர் பென்சிலில் தன் 'வாழ்க்கை ஆறு' வரைந்து கதை சொல்வான். காட்டில் நிலக்கடலை மூட்டையைச் சுமந்து கால் வீங்கிய இடத்தில் கதையை நிறுத்தி, ஒரு மடக்கு தண்ணீர் குடிப்பான். வெள்ளைக்காரிகள் மூக்கைச் சிந்துவார்கள். அடுத்த ஊருக்கும் கூப்பிடுவார்கள்.

வீட்டில் மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. பதினொரு வருஷம் குடித்தனம் நடத்திய அச்சிரோவுக்குத் தன் புருஷன் காட்டில் இருந்தவன் என்று தெரியும், அவ்வளவுதான். தேவாலயத்தில் கடைசி பெஞ்சில் சுவரோடு சாய்ந்துதான் உட்காருவான் என்று தெரியும். ஏன் என்று தெரியாது.

போன பிப்ரவரியில் ஒரு காலை. முற்றத்தில் குனிந்து சக்கரத்துக்குக் கம்பி கோத்துக்கொண்டிருந்தான். அச்சிரோ பின்னாலிருந்து தேநீர் கொண்டுவந்து, "இந்தா" என்று அவன் தோளில் கை வைத்தாள். அவன் கையை வீசினான். கொதிக்கிற தேநீர் மொத்தமும் பக்கத்தில் நின்ற நான்கு வயது மகள் லாக்கெரின் காலில் கொட்டியது. பிள்ளை அலறுகிறது, இவன் அதைத் தூக்காமல் குடிசைச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்கிறான். சான்றிதழ்கள் மூன்றும் உள்ளே பத்திரமாகத் தொங்கின.

அச்சிரோ பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனாள். அங்கிருந்து நேரே தன் அண்ணன் வீடு. போகும்போது என்னிடம் சொன்னாள்:

"மனுஷனோட குடித்தனம் பண்ணலாம் அண்ணி. செவுத்தோட பண்ண முடியாது."

மூன்று வாரம் அவன் சக்கரத்தைத் தொடவில்லை, சோற்றையும் தொடவில்லை. எங்களில் பெண் கோபித்துப் போனால் புருஷன் தன் ஆட்களோடு போய், அவள் வீட்டார் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். பதில் சரியில்லை என்றால் அத்தோடு உறவு முடிந்தது. சமாதானத்துக்கு ஓர் ஆட்டை ஓட்டிக்கொண்டு நானும் அவனும் போனோம். அவர்கள் நாற்காலியில், நாங்கள் பாயில்.

"சொல்லு மாப்ள, எதுக்கு கைய வீசின?" என்றார் அவள் அண்ணன் ஓவினி.

தம்பி எழுந்து நின்றான். தொண்டையைச் செருமினான்.

"எல்லாருக்கும் வணக்கம். என் பேரு ஓலான்யா. நான் உயிர் பிழைச்சு வந்தவன். இன்னைக்கு என் வாழ்க்கை ஆத்த உங்களோட பகிர்ந்துக்கப் போறேன்."

பாய்க்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது எனக்கு. மூட்டை வந்தது, கால் வீங்கியது, தண்ணீர் குடிக்கும் இடைவெளியும் வந்தது. ஓவினியின் மனைவி விசும்பினாள். முடித்துவிட்டு, பழக்க தோஷம், "ஏதாவது கேள்வி இருக்கா?" என்று கேட்டான்.

"இருக்கு" என்றாள், அடுப்படி வாசலில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்த அச்சிரோ. "இத இதுவரைக்கும் எத்தன பேருகிட்ட சொல்லியிருப்ப?"

"ஒரு நானூறு பேரு இருக்கும்."

"அந்த நானூறுல நான் ஏன் இல்ல?"

அவன் என்னைப் பார்த்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"வீட்டுல பேசாதன்னு நான்தான் சொன்னேன்" என்றேன். "என் தப்புதான்." என் வாயிலிருந்து இந்த வார்த்தை வந்ததை உலகம் அன்றுதான் முதலில் கேட்டது. எனக்கே வலித்தது.

அச்சிரோ விடவில்லை. "நீ சொன்ன கதையில என் கை எங்க இருக்கு? நான் தொட்டா ஏன் அப்படி ஆன?"

கூட்டங்களில் யாரும் கேட்காத கேள்வி. அவன் பாயில் உட்கார்ந்தான். பிறகு வந்த குரல் எனக்குப் புதிது.

"வரிசையா உக்கார வெப்பாங்க. தலைவன் பின்னாடியே நடந்து வருவான். யாரு தோளத் தொடறானோ அவன் எந்திரிச்சு, ஓடப் பாத்து மாட்டினவன அடிக்கணும். உசுரு போற வரைக்கும். என்னைய மூணு தடவ தொட்டான்."

இதற்கு யாரும் மூக்கைச் சிந்தவில்லை.

அச்சிரோவுக்குக் கோபம்தான் வந்தது. "பதினொரு வருஷம்! பேரு சொல்லிக் கூப்பிட்டுட்டு முன்னாடி வாடின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வந்திருக்க மாட்டேனா? பிள்ளையோட காலு வெந்துபோச்சே, பாவி மனுஷா!"

அவன் அழுதான். கூட்டத்தில் அழுகிற அழகான அழுகை இல்லை. சளியும் எச்சிலுமாக, பார்க்கச் சகிக்காத அழுகை. நானும்தான்.

ஆட்டைத் திருப்பி அனுப்பாமல் கட்டிப்போட்டார்கள். "காலு ஆறட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றாள் அச்சிரோ.

ஒரு மாதம் கழித்துச் செய்தி அனுப்பினாள். நானும் அவனும் அழைக்கப் போனோம். ஒற்றையடிப் பாதையில் எங்கள் பெண்கள் புருஷனுக்குப் பின்னால்தான் நடப்பார்கள். அன்று அச்சிரோ பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். துணிமூட்டையோடு தம்பி அவள் பின்னால். சோள வயலில் நின்றவன் ஒருவன், "என்ன ஓலான்யா, உன்னத்தான் கட்டிக் கூட்டிட்டுப் போறாளா?" என்று கத்தினான்.

"ஆமா, உனக்கென்ன?" என்று நான் திருப்பிக் கத்தினேன்.

வரிசைப்படி நான் தம்பியின் முதுகுக்குப் பின்னால் வர வேண்டியவள். ஒற்றையடிப் பாதையில் ஒருவருக்குப் பக்கத்தில் நடந்தால் முள் காலைக் கிழிக்கும். கிழிக்கட்டும் என்று வீடு வரைக்கும் தம்பிக்குப் பக்கத்திலேயே நடந்தேன்.