மைபோல் கறுத்த ஏரி

எண்பதுகளில் வேலூரில் ஒரு வாடகை அறைதான் எனக்கு அலுவலகம், வீடு எல்லாம். செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து ஏரிகளை வரைவது வேலை. அந்தப் படங்களில் பயிர் சிவப்பாக இருக்கும், தண்ணீர் கறுப்பாக இருக்கும். அடியில் டியூப்லைட் எரியும் கண்ணாடி மேசையில் படத்தை விரித்து, மேலே டிரேசிங் பேப்பர் போட்டுக் கரைகளைப் பென்சிலால் எடுப்பேன். நாள் முழுக்கப் பேச ஆள் கிடையாது.

அது கோடையில் எடுத்த படம். ஏரிகளெல்லாம் வெளுத்துக் கிடந்தன, பாலாறு வெறும் மணல். ஆம்பூர் பக்கம் ஒன்று மட்டும் மைபோல் கறுத்து நிறைந்திருந்தது. ஏதோ துணைபோல அதையே அடிக்கடி பார்த்துக்கொண்டிருப்பேன். நேரில் போய்ச் சரிபார்க்கும் நாள் வந்தபோது, அதன் கரையில் உட்கார்ந்து சாப்பிடலாமென்று தயிர்சாதப் பொட்டலம் எடுத்துப் போனேன்.

பஸ்ஸை விட்டு இறங்கியதுமே நாற்றம் குமட்டியது. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் கேட்டாள்: "இன்னா சார் தேடுறீங்க?"

"இங்க ஒரு ஏரி..."

"எவன் சொன்னான் ஏரின்னு? தோல் ஷாப்புக்காரங்க தோல ஊறவெச்சு உட்ட தண்ணி சார் இது. ஆடுகூட வாய் வெக்காது."

சொன்னவன் நான்தான். படத்துக்கு மூக்கு கிடையாது.

பொட்டலத்தைப் பிரிக்காமலே திரும்பினேன். மேலதிகாரியிடம் விஷயத்தைச் சொன்னதற்கு, "தண்ணிதானே? நீலம் அடிங்க" என்றார்.

அடித்தேன். அந்தக் கோடை வரைபடத்தில் இருந்த ஒரே நீலம் அதுதான்.