கார்ப்பரலும் நண்டு வேகாத பானையும்

கார்ப்பரல் அப்போரோசாவின் வீட்டில் நண்டு உண்டு. அப்போரோசாவுக்கு நண்டு கிடையாது. மனைவி தித்திலியா வாரத்தில் நான்கு நாள் அலையாத்திக் காட்டுச் சேற்றில் முழங்கால் புதைய நின்று நண்டு பிடிப்பாள். உயிரோடு கட்டி சவுசவு டவுன் சந்தைக்குக் கொண்டுபோவாள். கால் உடைந்ததை யாரும் வாங்க மாட்டார்கள். அது வீட்டுப் பானைக்கு. அது கொதிக்கிற வாசனை வந்ததும் கார்ப்பரல் எழுந்து மாமரத்தடிக்குப் போய் உட்கார்ந்துகொள்வார். பன்றியையும் விட்டுவிட்டார். ஃபிஜிக் கிராமத்தில் பன்றி தின்னாதவன் கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் வெறும் கிழங்கைத் தின்றுவிட்டு வரவேண்டும். முப்பத்தைந்து வருஷமாக அவர் அப்படித்தான் வந்துகொண்டிருந்தார்.

காரணம் யூத ஜனம். அவர் யூதர் அல்லர். ஆகும் உத்தேசமும் இல்லை. ஞாயிறுதோறும் மெதடிஸ்ட் கோயிலில் முன்பெஞ்சில் நின்று அடித்தொண்டையில் பாடுகிறவர். இளவயதில் சமாதானப் படையோடு சினாய் பாலைவனத்துக்குப் போனார். எந்தப் பக்கமும் சாயக் கூடாது என்பது அந்தப் படையின் விதி. கார்ப்பரல் நன்றாகச் சாய்ந்து ஊர் திரும்பினார். விடுமுறையில் ஜெருசலேம் பார்க்கப் போனவர் பஸ் நிறுத்தத்தில் பசியோடு நின்றபோது, பக்கத்தில் இருந்த கண்ணாடி போட்ட அம்மாள் ஒருத்தி பேச்சில்லாமல் தன் ரொட்டியில் பாதியையும் ஓர் அவித்த முட்டையையும் அவர் கையில் திணித்தாள். அதுவரை வேதத்தில் மட்டும் இருந்த ஜனம் அன்றைக்குத்தான் முட்டையோடு அவருக்கு நேரில் வந்தது.

அன்று முதல் ஒரே ஆசை. அந்த ஜனத்தில் ஒருவருக்காவது தன் வீட்டில் ஒருவேளை சாப்பாடு போட வேண்டும். அதற்குத் தகுதியாக இருக்கவேண்டுமென்றுதான் அவர்கள் சட்டம் விலக்கிய நண்டையும் பன்றியையும் விட்டார். சனிக்கிழமை வேலையையும் விட்டார்.

"சனி அவங்களோட சேர்ந்து ஓய்வு. ஞாயிறு நம்ம கோயில் ஓய்வு. மிச்ச அஞ்சு நாளு எதுக்குன்னுதான் இன்னும் புரியல" என்பாள் தித்திலியா.

சனிக்கிழமை ரேடியோவில் ரக்பி கேட்பது வேலை ஆகாது என்பது அவரே கண்டுபிடித்த சட்டம்.

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடத்து சூரியசக்தி பம்பைப் பார்க்க மெல்போர்னிலிருந்து நஃப்தாலி என்று ஓர் இஞ்சினியர் வந்தார். இசிகேலியின் படகில் காலையில் வந்து மத்தியானம் திரும்புவதாக ஏற்பாடு. படகு எஞ்சின் வேறு மாதிரி நினைத்தது. இசிகேலி அப்போரோசாவுக்கு மைத்துனர். அந்த ஊரில் மைத்துனன் என்றால் கேலி செய்வதற்கென்றே பிறந்தவன்.

"மச்சான், ஒன் ஆளு வந்துட்டாருய்யா! தலையில யூதங்க போடுற குட்டித் தொப்பி. இன்னிக்குப் பொழுது சாஞ்சா ஓய்வுநாளாம், நாளைக்கு இருட்டுற வரைக்கும் படகுல கால் வைக்க மாட்டாராம். எஞ்சினை நானா கெடுக்கல, சத்தியமா!"

"நீயா கெடுத்திருந்தா ஒனக்கு மாலை போட்டிருப்பேன்டா!" என்று கார்ப்பரல் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினார்.

விருந்தாளி பாயில் உட்கார்ந்தார். கையில் தன் பிஸ்கட் பொட்டலமும் ஒரு மீன் டப்பாவும் இருந்தன. கார்ப்பரல் கோழி, கீரை, கிழங்கு, மீன் குழம்பு என்று வரிசையாகச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் நஃப்தாலி சங்கடத்தோடு வேண்டாமென்று தலையாட்டினார்.

"கார்ப்பரல், தப்பா நினைக்காதீங்க. உங்க பானையில நண்டு வெந்திருக்குமே?"

"நான் ஒரு நாளும் தொட்டதில்லைங்க!"

"நீங்க தொடலை. பானை தொட்டிருக்கே."

கார்ப்பரல் இடிந்து உட்கார்ந்தார். முப்பத்தைந்து வருஷம் காத்திருந்து வந்த விருந்தாளி, அவர் பாயிலேயே உட்கார்ந்து சொந்த பிஸ்கட்டைத் தின்னப் போகிறார்.

"பானையே இல்லாம சமைச்சா?" என்றாள் தித்திலியா வாசலிலிருந்து. "புதுக் குழி, ஆத்துல எடுத்த புதுக் கல்லு. முழு மீனு, வேதத்துல சொன்ன மாதிரி செதிலோட, துடுப்போட, அவரே பார்த்துக்கட்டும். பச்சை இலையில சுத்தி, சுட்ட கல்லு மேல வச்சு மண்ணைப் போட்டு மூடினா எந்த நண்டு வந்து தொடும்?"

நஃப்தாலி யோசித்தார். யோசிக்க யோசிக்க முகம் மலர்ந்தது. "கூடும்! மீனை என் கத்தியால சுத்தம் பண்ணிடலாம். ஒண்ணே ஒண்ணு, நெருப்பை நான்தான் மூட்டணும். அது எங்க வழக்கம்."

கார்ப்பரல் மறுபடி இடிந்தார். விருந்தாளி கையில் விறகு கொடுப்பதா? ஊர் காறித் துப்பும். தலைமுறைக்கும் பேசும்.

"ஊரு பார்த்தாத்தானே துப்பும்" என்றாள் தித்திலியா.

அப்படியாக, குழியைச் சுற்றி இரண்டு பாயை நிறுத்தி, ஒரு பக்கம் கார்ப்பரலும் மறுபக்கம் இசிகேலியும் பிடித்துக்கொள்ள, உள்ளே இஞ்சினியர் தேங்காய் மட்டையில் தீ வைத்து ஊதினார். பட்டப்பகலில் எதற்குப் பாய் மறைப்பு என்று பார்க்க ஊர் முழுவதும் கூடிவிட்டது. மறைக்காமல் இருந்திருந்தால் நான்கு பேர் பார்த்திருப்பார்கள்.

பொழுது சாய்வதற்குள் குழியைத் திறந்தாயிற்று. விளைமீன், சேப்பங்கிழங்கு, ஈரப்பலா. நஃப்தாலி தன் மொழியில் ஏதோ ஜெபம் சொல்லிவிட்டு, இலையில் கைவைத்து மீனைப் பிட்டுத் தின்றார். இன்னொரு மீனும் கேட்டு வாங்கினார். கார்ப்பரல் தான் தின்ன மறந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க ஏன் நண்டு சாப்பிடறதில்லை?" என்று நஃப்தாலி கேட்டார். கார்ப்பரல் முட்டையிலிருந்து ஆரம்பித்து முழுக் கதையையும் சொன்னார். கேட்டவருக்குக் கண் கலங்கிவிட்டது. நல்லெண்ணத்தோடுதான் அடுத்ததைச் சொன்னார்.

"ஐயோ கார்ப்பரல், அந்தச் சட்டம் எங்களுக்குத்தான். உங்களுக்கு இல்லவே இல்லை. நீங்க தாராளமா நண்டு சாப்பிடலாம்."

"இதைத்தானே நானும் தலையில அடிச்சுக்கிட்டேன்!" என்றாள் தித்திலியா. "நான் சொன்னா அது நண்டு விக்கிறவ பேச்சு."

"முப்பத்தஞ்சு வருஷத்து நண்டு, மச்சான்! ஒன் பங்கையெல்லாம் நான்தான் தின்னேன். ரொம்ப நன்றி" என்றார் இசிகேலி.

கார்ப்பரல் தன் இலையை மடித்து ஓரமாக வைத்தார்.

"ஐயா, ஒங்களுக்குச் சட்டம் இருக்கு, விடுறீங்க. எனக்கு ஒருத்தரும் சொல்லல. நானா விட்டேன். நானா விட்டதைத் திரும்ப எடுத்துக்கச் சொல்ல ஒங்களுக்கு அதிகாரம் கிடையாதுங்க."

நஃப்தாலி சட்டங்களை நிறையப் படித்தவர். இன்னொரு கிழங்கை எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் கார்ப்பரல் சவுசவுக்குப் போய் ஒரு புது அலுமினியப் பானை வாங்கிவந்து, கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டினார். அதில் இதுவரை எதுவும் வெந்ததில்லை. அடுத்த விருந்தாளி வரும்வரை வேகாது. வெந்நீராவது வைக்கலாம் என்று தித்திலியா கேட்டுப் பார்த்தாள். நடக்கவில்லை.

இப்போதெல்லாம் நண்டு கொதிக்கிற வாசனை வந்தால் கார்ப்பரல் தனியாக மாமரத்தடிக்குப் போவதில்லை. ஆவி படக் கூடாது என்று அந்தப் பானையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.